வண்டிற் சோடியைப் பழக்குதலும் ஓட்டுதலும்: வன்னியில் நாம்பன் பூட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

உழவுக்கு உழவு இயந்திரமும் ஏற்றியிறக்க இரு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரும் வந்துவிட்ட பின்னரும், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பெருநிலப்பரப்பில் வண்டிலும் எருதும் அடியோடு இல்லாமற் போகவில்லை. பங்குனியிற் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கும் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கும் வண்டில் கட்டிப் போன வழக்கத்தை விடாமற் காக்க விரும்புகின்ற குடும்பங்கள் உள்ளன. விறகுக்கும் வைக்கோலுக்கும் எருவுக்கும் வண்டிலே வசதி என்று நினைப்பவர்களும் உள்ளனர். 2022ஆம் ஆண்டில் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களிற் பலர் கொட்டிலின் பின்புறம் கிடந்த பழைய வண்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார்கள். குறைந்துபோனது மாடும் வண்டிலும் மட்டுமல்ல, நாம்பனை (இளங்காளையை) கையாற் பழக்கி நுகத்தில் வைக்கத் தெரிந்த பெரியவர்களும்தான். ஆகவே, பட்டியில் இரண்டு நாம்பன்களும் ஓடக்கூடிய ஒரு வண்டிலும் இருந்து, பக்கத்திற் கேட்டறிய ஓர் ஐயாவோ அப்பாவோ இல்லாத ஒருவரை மனத்திற் கொண்டே இது எழுதப்படுகிறது.

சோடிக்கு முதலிற் கற்பிக்க வேண்டிய பாடம் நிற்பது. நடப்பதும் திரும்புவதும் இழுப்பதும் அதற்குப் பின்னர் வருபவை. இரண்டு சில்லு வண்டிலுக்குத் தடுப்புக் கருவி கிடையாது. பாரத்தோடு வருகின்ற வண்டிலை நிறுத்துவது அந்த இரண்டு கழுத்துகளும் அவற்றின் மனமும்தான். பயந்து ஓடத் தொடங்கிய ஒரு சோடியைக் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்த எந்த மனிதனுக்கும் பலம் போதாது என்பதால், பயந்த வேளையிலும் சொல்லுக்கு நிற்கும்படி அவற்றைப் பழக்கியிருக்க வேண்டும். பழக்குவோர் பலர் இதைத் தலைகீழாகச் செய்து, முதல் நாளே நுகத்தை வைத்து அடித்து ஓட்டி, ஓடிக் களைத்த மாடு அடங்கிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். அவ்வாறு அடங்கிய மாடு களைப்பு நீங்கியதும் பழைய மாடாகவே எழுந்து நிற்கும்.

மாட்டைத் தெரிதல்

பழக்கத் தொடங்குவதற்கு இரண்டரை முதல் மூன்று வயது வரை நல்ல பருவம். வயதை உரிமையாளர் சொல்வதை விடப் பல் சரியாகச் சொல்லும்: கீழ்த்தாடையின் நடுவில் இரண்டு பாற்பற்கள் விழுந்து அகன்ற நிலைப்பற்கள் இரண்டு வந்திருந்தால் ஏறக்குறைய இரண்டு அல்லது இரண்டரை வயது, நான்கு பல் என்றால் மூன்றை அண்டியது, எட்டும் நிரம்பினால் நான்கைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு பல்லில் கையிற் பழக்கி, நான்கு பல்லில் வெறும் வண்டிலிற் பூட்டி, முழுப்பாரத்தை ஆறு பல்லுக்குப் பிறகு ஏற்றுவதே எலும்புக்கும் மூட்டுக்கும் பாதுகாப்பானது. எட்டுப் பல் நிரம்பிய பட்டி மாட்டையும் பழக்கலாம். ஆயினும் அது காட்டோரம் மனிதக்கை படாமல் வளர்ந்திருந்தால் பொறுமை இரு மடங்கு வேண்டும்.

நாட்டு மாடு சிறிது, வடக்கன் என்னும் இந்திய இனம் பெரிது என்பதற்காக வடக்கனையே தேட வேண்டியதில்லை. 250 கிலோ எடையுள்ள நாட்டு எருது வன்னியின் வெயிலையும் உண்ணியையும் தாங்கி, கோடையிற் காய்ந்த புல்லைத் தின்று வேலை செய்யும். பெரிய மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுவது எல்லோராலும் ஆகாது. முக்கியமானது இரண்டும் ஒத்திருப்பது. திமிலுக்கு முன்னால் நுகம் அமரும் இடத்தின் உயரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு விரல் வித்தியாசம் இருந்தால் நுகம் சாய்ந்து, உயரம் குறைந்த மாட்டின் கழுத்தை நாள் முழுவதும் அழுத்தும். அதற்கு அடுத்தது நடையின் எட்டு. மேய்ந்துவிட்டுப் பட்டிக்குத் திரும்பும் மாலை நேரத்தில் படலை ஓரமாக நின்று பாருங்கள்: ஒரே சீராக, தலையை அதிகம் ஆட்டாமல், பின்கால் முன்காலின் தடத்தை எட்டும்படி நடக்கிற இரண்டைத் தெரிந்தெடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். நிறமும் கொம்பும் ஒத்திருப்பது கண்ணுக்கு அழகு. நடை ஒத்திராத அழகுச் சோடி ஒரு மைல் தூரத்திலேயே ஓட்டுநரைக் களைக்கவைக்கும்.

குணத்தில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சற்றுத் துடிப்பான ஒன்றையும் சற்று நிதானமான ஒன்றையும் சேர்ப்பது, இரண்டு துடிப்பானவற்றைச் சேர்ப்பதை விட நல்லது. ஆனால் மனிதரைக் கண்டு கொம்பைத் தாழ்த்துகிற மாட்டை, அது எவ்வளவு கட்டுடலாக இருந்தாலும், வண்டிலுக்கு எடுக்க வேண்டாம். பயந்து விலகுகிற மாட்டைப் பழக்கலாம். எதிர்த்து வருகிற மாட்டை வீட்டுப் பிள்ளைகள் நடமாடும் முற்றத்திற் கட்ட முடியாது.

வேலை மாட்டுக்கு நலமடித்தல் (விதையடித்தல்) வேண்டும். மிக இளமையில் நலமடித்தால் கழுத்தும் திமிலும் திரளாமற் போகும். மிகப் பிந்தினால் முரட்டுத்தனம் பழக்கமாகிவிடும். இரண்டு வயதை ஒட்டி, பிரதேசத்தின் அரச கால்நடை வைத்தியரைக் கொண்டு, விதைநரம்பை நசுக்கும் கிட்டியாற் செய்விப்பதே சரி. வீக்கம் முழுதாக வற்றும்வரை கயிற்றுப் பழக்கத்தையும் தள்ளிப்போட வேண்டும். மாட்டை வாங்கும்போது காதுப்பட்டியும் உரிமைச் சீட்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

கயிற்றுக்குப் பழக்குதல்

காலபோக (மாரி நெல்) அறுவடை முடிந்து வயல் காய்ந்து, சூடும் அடித்துவிட்ட மாசி, பங்குனி மாதங்களே தொடங்குவதற்கு ஏற்றவை. அப்போது வைக்கோல் உண்டு, நிலம் உறுதியாக இருக்கும், விழுந்தாலும் மாட்டுக்குக் காயம் குறைவு, சிறுபோகம் செய்யாதவருக்கு நேரமும் உண்டு. பழக்கும் இடம் வேலி கட்டிய ஒரு வளவாகவோ அறுத்த வயலாகவோ இருக்கட்டும். இங்கே வன்னிக்கென்று ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். வெடிபொருள் அகற்றப்படாத காணிகள் இன்னும் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கத்துக்கு மட்டுமன்றி, ஆண்டுக்கணக்கில் எவரும் உழாத, மேய்க்காத பற்றைக்காட்டுக்கும் பழகாத மாட்டைக் கொண்டுபோகக் கூடாது. கட்டையை இழுக்கும் மாடு நிலத்தைக் கிளறிக்கொண்டு போகும், வெருண்டால் எந்தப் பக்கம் பாயும் என்றும் சொல்ல முடியாது.

முதல் வாரத்திற் கற்பிப்பதற்கு ஒன்றுமில்லை, பழகுவதே வேலை. நாம்பனைக் கழுத்திற் கயிறிட்டு, நிழலுள்ள பூவரசிலோ வேம்பிலோ, அதன் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுங்கள். தாழக் கட்டினாற் காலைப் போட்டுச் சிக்கிக்கொள்ளும்; நீளக் கட்டினால் ஓடி வந்து இழுபட்டுக் கழுத்தை நோகடித்துக்கொள்ளும். தீனியையும் தண்ணீரையும் ஒரே ஆள் கொடுக்க வேண்டும். வைக்கோற் புரியால் முதுகை, பின்னர் வயிற்றை, பின்னர் கால்களைத் தேய்க்கும்போது, மாடு எந்த இடத்திற் தோலைச் சிலிர்க்கிறதோ அங்கே கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்து, சிலிர்ப்பு அடங்கிய பிறகு எடுக்க வேண்டும். சிலிர்த்தவுடன் கையை எடுத்தால், சிலிர்த்தால் மனிதன் போய்விடுவான் என்று அது கற்றுக்கொள்ளும். இந்தச் சிறு விடயத்திற் கவனமாக இருந்தவருக்குப் பின்னர் நுகம் வைக்கும் நாள் இலகுவாக இருக்கும்.

மூக்குக் குத்துவதை இந்த நாட்களிற் செய்விக்கலாம். இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே, குருத்தெலும்புக்கு முன்னாலுள்ள மெல்லிய சதையிலேயே குத்த வேண்டும். குருத்தெலும்பிற் குத்தினாற் புண் ஆறாது, மாடு வாழ்நாள் முழுவதும் கயிற்றுக்கு வெறுப்புக் கொள்ளும். தெரிந்தவரையோ கால்நடை வைத்தியரையோ கொண்டு செய்வித்து, மெல்லிய பருத்திக் கயிறு போட்டு, இரண்டு மூன்று வாரம் அதைத் தொடாமல், இலையான் மொய்க்காதபடி மருந்து பூசி ஆறவிட வேண்டும். நைலோன் கயிறு மலிவென்று போடுவோர் உண்டு. அது ஈரத்தில் இறுகி அறுக்கும். புண் ஆறும்வரை எல்லாப் பயிற்சியும் கழுத்துக் கயிற்றிலேயே நடக்கட்டும்.

நடத்திப் பழக்கும்போது மாட்டின் தலைக்கு நேரே முன்னால் நின்று இழுக்கக் கூடாது. இடப்பக்கத் தோளோடு தோளாக நின்று, ‘நட’ என்றோ ‘ஹை’ என்றோ உங்கள் வீட்டில் வழங்கும் சொல்லைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டுக் கயிற்றை இலேசாக முன்னே எடுத்து, அதற்கும் அசையாவிட்டால் துவரங்கேட்டி என்னும் ஓட்டுக்கோலின் நுனியாற் பின்தொடையைத் தொடுங்கள். குரல், கயிறு, கேட்டி என்ற இந்த ஒழுங்கு ஒருபோதும் மாறக் கூடாது. நாலடி நடந்ததும் ‘ஓ…’ என்று நீட்டிச் சொல்லி நிறுத்துங்கள். நின்றவுடன் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். தளர்ந்த கயிறுதான் அதற்குக் கிடைக்கும் சன்மானம். ஒரு காலைப் பயிற்சியில் நடப்பதை விட நிற்பது அதிகமாக இருக்கட்டும். நிற்கச் சொல்லி நின்ற மாடு, நீங்கள் கேட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி விலகிப் போய் வந்தாலும் அசையாமல் நிற்கிற நாளில், கயிற்றுப் பழக்கம் முடிந்தது என்று கொள்ளலாம். சில மாடுகளுக்கு இதற்கு இரண்டு வாரம் போதும். சிலவற்றுக்கு இரண்டு மாதம்.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது மாட்டுக்குப் பொருட்டன்று. ஆனால் வீட்டில் எல்லோரும் அதே சொல்லை அதே இழுவையிற் சொல்ல வேண்டும். அப்பா ஒரு சொல்லுக்கும் மகன் வேறொரு சொல்லுக்கும் பழக்கினால், மாடு இருவர் சொல்லையும் விட்டுவிட்டுக் கேட்டியை மட்டுமே கேட்கும்.

நுகம் வைத்தல்

குதிரையின் பலம் நெஞ்சில் இறங்கும். திமிலுள்ள நம் மாட்டின் பலம் கழுத்துக்கும் திமிலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இறங்குகிறது. ஆகவே நுகம் அந்தப் பள்ளத்தில் அமர்ந்து, மாடு முன்னே தள்ளும்போது திமிலின் முன்முகத்தில் அகலமாகப் படிய வேண்டும். பாரம் குறைந்த, வெடிப்பற்ற பூவரசு போன்ற மரத்திற் செய்து, கழுத்துப்படும் இடத்தை நன்றாக உருட்டி இழைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஒரு சிம்பும் உறுத்தாத அளவுக்கு மினுக்க வேண்டும். சாக்கைச் சுற்றிவிட்டாற் போதும் என்று நினைப்பது தவறு: வியர்வையில் நனைந்த சாக்கு மடிந்து, மரத்தை விட மோசமாகத் தோலை உரிக்கும். மாட்டின் கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையோடு ஒட்டக் கூடாது. கயிற்றுக்கும் தொண்டைக்கும் இடையே நான்கு விரல்களைக் குத்தாக நுழைக்க இடமிருக்க வேண்டும்.

முடிந்தால் முதல் நுகத்தைப் பழகிய ஒரு கிழட்டு எருதோடு வையுங்கள். இரவலுக்கு ஒரு வாரம் கிடைத்தாலும் அது பெரிய உதவி. ‘நட’ என்றதும் நடந்து ‘ஓ’ என்றதும் நிற்கின்ற ஒன்று பக்கத்தில் இருந்தால், நாம்பன் உங்களிடமிருந்து கற்பதை விட வேகமாக அதனிடமிருந்து கற்கும். விடியற்காலையில், வெறுவயிறாகவுமில்லாமல் நிறைவயிறாகவுமில்லாமல், பழகிய எருதை முதலில் நிறுத்தி அதன் கழுத்தில் நுகத்தை வையுங்கள். நாம்பனைப் பக்கத்திற் கொண்டுவந்து நிறுத்தி, நுகத்தின் மறு நுனியை ஒருவர் தோளுயரத்திற் பிடித்திருக்க, மற்றவர் நாம்பனின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நுகம் கழுத்திற் பட்டவுடன் நாம்பன் அநேகமாகப் பின்னுக்குப் போகும். அப்போது கயிற்றை இழுக்காமல், நுகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடவே இரண்டடி போய், அது நின்றதும் திரும்ப இறக்குங்கள். காதைக் கவனியுங்கள். இரண்டு காதும் பின்னோக்கி ஒட்டி, கண்ணின் வெள்ளை தெரிந்து, மூச்சு மூக்கிற் கேட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை. ஒரு காது எருதின் பக்கமும் மற்றது உங்கள் பக்கமும் திரும்பி, வாய் அசை போடத் தொடங்கினாற் பூட்டாங்கயிற்றை முடியலாம். முடிச்சு ஒரே இழுவையில் அவிழக்கூடிய சுருக்காக இருக்க வேண்டும். மாடு விழுந்தால் கத்தி தேடி ஓட நேரம் இராது.

அன்றைக்கு அவ்வளவுதான். நுகத்தோடு நின்று, பத்து இருபது அடி நடந்து, நின்று, நுகத்தைக் கழற்றித் தீனி வைத்துவிடுங்கள். வெற்று நுகத்தோடு ஒரு வாரம் நடந்த பிறகு, முழங்கால் மொத்தமுள்ள மரக்குற்றியொன்றைச் சங்கிலியிற் கட்டி இழுக்கவிடலாம். பின்னால் ஏதோ தொடர்ந்து வருகிறது என்ற பயம் அப்போதுதான் மாட்டுக்கு விட்டுப்போகும். மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அதற்கு ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். நேரே வாலுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய பகுதி மட்டுமே மறைவு. குற்றி அந்த மறைவிலிருந்துதான் சத்தம் போடுகிறது. முதலில் ஒருவர் குற்றியைக் கையால் இழுத்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடந்து, பின்னர் பக்கத்தில் நடந்து, கடைசியிற் பின்னாலிருந்து இழுத்துக்காட்டிய பிறகு சங்கிலியை மாட்டினால் வெருட்சி பெரும்பாலும் வராது.

இரண்டு நாம்பன்களையும் இவ்வாறு தனித்தனியாக எருதோடு பழக்கிய பின்னரே ஒன்றாகப் பூட்ட வேண்டும். பூட்டிய நாளிலிருந்து வலத்தன் வலத்திலும் இடத்தன் இடத்திலுமாகவே இருக்கட்டும். கட்டும் கொட்டிலிலும் அதே பக்கம், தண்ணீருக்குக் கொண்டுபோகும்போதும் அதே பக்கம். ஒன்றுக்குப் பலம் கூடினால், நுகத்தைத் துலாவில் (வண்டிலிலிருந்து முன்னே நீளும் நடுமரத்தில்) கட்டும் நடு இடத்தை ஓர் அங்குலம் பலமான மாட்டின் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். பலம் குறைந்ததற்கு நுகத்தின் நீண்ட கை கிடைப்பதால் பாரம் குறையும், இரண்டின் தலையும் ஒரே நேரில் வரும். இதை அறியாமற் பின்தங்குகிற மாட்டுக்கு அடிப்பவர்களே அதிகம்.

வண்டிலிற் பூட்டி ஓட்டுதல்

சில்லின் சத்தத்துக்கு முதலிற் பழக்க வேண்டும். கட்டியிருக்கும் மாட்டின் பக்கத்தில் வெறும் வண்டிலை முன்னும் பின்னுமாக உருட்டி, தட்டில் ஏறி இறங்கி, துலாவைத் தூக்கிப் போட்டு, அது திரும்பிப் பாராமல் வைக்கோலைத் தின்னும்வரை செய்யுங்கள். இரும்புப் பட்டம் அடித்த மரச்சில்லு கிரவலிற் போடும் சத்தம் பெரிது. ரயர் வண்டிலானால் இந்தப் பாடம் இரண்டொரு நாளில் முடிந்துவிடும். பூட்டும் முன்னர் அச்சுக்குக் கிறீஸ் உண்டா, கடையாணி இறுகியிருக்கிறதா, துலாவில் வெடிப்பு ஏதும் உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது வழக்கமாக வேண்டும். முதல் நாட்களில் ஒருவர் வண்டிலிலும் ஒருவர் இடத்தனின் தலைப்பக்கத்திலுமாகப் போக வேண்டும். வண்டிலில் இருப்பவர் சொல்லைச் சொல்ல, தலைப்பக்கத்தில் இருப்பவர் வாய் திறவாமல் துணை மட்டும் நிற்பது நல்லது. பழகிய குரல் பின்னாலிருந்து வருவதற்கு மாடு அப்போதுதான் பழகும்.

பிடிகயிறுகள் இரண்டும் கையில் இருக்க வேண்டும், ஆனால் இறுகியிருக்கக் கூடாது. கயிறு இலேசாகத் தொங்கி, கை அசைந்தால் மட்டும் மூக்கிற் தெரிகிற அளவே போதுமானது. இடப்பக்கம் திரும்ப, இடத்தனின் கயிற்றை மெல்லத் தடுத்து வலத்தனைக் குரலால் முடுக்குங்கள். உட்பக்கத்து மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்ப, வெளிப்பக்கத்து மாடு வளைந்து வரும். குறுகலான ஒழுங்கைகளில் அச்சின் நீளத்தை மறந்துவிடுகிறவர்கள் வேலிக் கதியால்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். துலா திரும்பிய பிறகுதான் சில்லு திரும்பும் என்பதால், மூலையைத் தாண்டி இரண்டடி போன பின்னரே திருப்பத் தொடங்க வேண்டும். பின்னுக்கு எடுப்பது எல்லாவற்றிலும் கடினம். மாட்டின் இயல்புக்கு அது மாறானது. இரண்டின் மூக்கையும் ஒரே அளவில் மெல்ல அழுத்தி, ஓரடி வந்ததும் விட்டு, மறுபடியும் கேளுங்கள். ஒரே மூச்சிற் பத்தடி பின்னுக்குத் தள்ள முயன்றாற் துலா முறியும்.

பாரம் ஏற்றுவதில் எடையை விட எடை இருக்கும் இடம் முக்கியம். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்து, நுகம் கழுத்தில் மெல்லப் படிந்திருக்க வேண்டும். முன்பாரம் கூடினால் கழுத்து நசுங்கும். பின்பாரம் கூடினாற் துலா மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். அப்போது மாடு இழுக்க முடியாமல் நிற்பதைச் சோம்பல் என்று எண்ணி அடிப்பது கொடுமை. ஏற்றியபின் துலாவின் நுனியை ஒருவர் கையாற் தூக்கிப் பாருங்கள். அதிகம் முக்காமல் எழும்பினால் சரி. வைக்கோல் ஏற்றும்போது போகும் வழியிற் பின்னுக்குச் சரியும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு எருது தொடர்ந்து இழுக்கக்கூடிய விசை அதன் உடலெடையின் பத்திலொரு பங்கு அளவு. உறுதியான சமதரையில் அந்த விசைக்கு வண்டிற்பாரம் ஓடிவிடும். பூநகரிப் பக்கத்து மணலிலோ மாரி முடியாத களியிலோ அதே பாரத்துக்குப் பல மடங்கு விசை தேவைப்படும். மணல் வழியிற் பாரத்தைப் பாதியாக்குங்கள். நிற்க வேண்டி வந்தாற் சற்று உறுதியான இடம் பார்த்து நிறுத்துங்கள். குளக்கட்டில் ஏறும்போது ஓட்டுநர் இறங்கி நடக்க வேண்டும். இறங்கும்போது மாட்டின் தலைக்குப் பக்கத்தில் நின்று ‘ஓ… ஓ…’ என்று ஒவ்வோர் அடியையும் தடுத்து இறக்க வேண்டும். குளத்தின் மிகைநீர் வழியும் வான் பாயும் இடத்தை மாடு துணிந்து கடந்தாலும் நீங்கள் துணிய வேண்டாம்: முழங்காலுக்கு மேல் ஓடுகிற நீரில் வைக்கோல் வண்டில் மிதக்கத் தொடங்கிவிடும்.

தார் வீதி இன்றைய வண்டிலோட்டத்தின் கடினமான பகுதி. ஏ9 வீதியிற் பேருந்துகள் வரும் வேகத்துக்கு எந்தச் சோடியையும் ஒரு நாளிற் பழக்க முடியாது. வீதியிலிருந்து ஐம்பது அறுபது அடி உள்ளே, வாகனம் போவது தெரிகிற இடத்தில் மேயக் கட்டி, நாளுக்கு நாள் நெருக்கிக்கொண்டு வாருங்கள். பின்னர் மோட்டார் சைக்கிளில் ஒருவரைப் பின்னாலிருந்து கடந்துபோகச் செய்து பழக்குங்கள். கிரவலிலும் தாரிலும் வாரக்கணக்கில் நடக்கிற மாட்டுக்கு லாடன் அடிக்க வேண்டும். பிளந்த குளம்பு ஆகையாற் காலுக்கு இரண்டு தகடு. நிறைவயிற்றோடு மாட்டை விழுத்தி லாடன் அடிக்கக் கூடாது, வயிறு ஊதிவிடும். மணல் ஒழுங்கையிலும் வயலிலும் மட்டும் வேலை செய்யும் மாட்டுக்கு லாடன் வேண்டியதில்லை.

பொழுதுபட்ட பின் ஓட்டாதிருப்பதே நல்லது. ஓட்டியே ஆக வேண்டுமானால் வண்டிலின் பின்சட்டத்திலும் சில்லுகளிலும் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டி, அச்சின் கீழ் விளக்குத் தூக்குங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வழிகளில் யானைக்கும் அது நடமாடும் நேரம். சொல்லுக்கு எப்போதும் நடக்கும் சோடி வழியில் திடீரென்று காதை முன்னே நீட்டி, மூச்சை ஊதி, நட என்றும் நடக்காமல் நின்றால் கேட்டியை எடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவற்றின் மூக்குக்குத் தெரிந்திருக்கும். அமைதியாக நின்று, தேவையானாற் திரும்பிவிடுங்கள்.

வண்டிற் பந்தயமான சவாரியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சவாரிக்கு ஓடவிட்ட சோடி வண்டிலுக்கு உதவாது என்பது என் துணிபு. அச்சோடிக்குக் கேட்டி என்றால் பாய்ச்சல் என்றே பொருள் பதிந்துவிடுகிறது. சவாரி விருப்பம் உள்ளவர் அதற்கென்று தனிச் சோடி வைத்துக்கொள்ளட்டும். ஆணி வைத்த கேட்டியும் வாலைக் கடித்தலும் எந்தச் சோடிக்கும் ஆகாது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளதே.

தீனி, தண்ணீர், ஓய்வு

வேலை நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நுகத்தில் வைக்க வேண்டாம். அசை போடவே மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் திருடினால் எவ்வளவு பிண்ணாக்கு வைத்தாலும் உடல் தேறாது. வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில் காலை ஒன்பது மணிக்குள் ஒரு வேலையும் மாலை நான்கு மணிக்குப் பின் ஒரு வேலையுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாடு வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சு வாங்கினால், வேலை எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவிழ்த்து நிழலிற் கட்டி, தண்ணீர் காட்டி, கால்களிலும் வயிற்றிலும் நீர் ஊற்ற வேண்டும். வெயிற்காலத்தில் ஒரு மாடு நாளுக்கு முப்பது நாற்பது லீற்றர் குடிக்கும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், பலம் தராது. அதனோடு தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும் கிளிசரியாக் குழையும் உப்பும் சேர வேண்டும்.

நீண்ட பயணத்துக்குக் கணக்கு எளிது. பாரத்தோடு சோடி மணிக்கு மூன்று முதல் நான்கு கிலோமீற்றர் நடக்கும். நாளுக்குப் பதினைந்து முதல் இருபது கிலோமீற்றருக்கு மேல் திட்டமிட வேண்டாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஏ35 வீதி ஏறத்தாழ 52 கிலோமீற்றர் ஆகையால், பொங்கலுக்குப் போகிறவர் மூன்று நாட் பயணமாக எண்ணி, தண்ணீர் உள்ள இடங்களைப் பார்த்துத் தங்கிப் போக வேண்டும்.

அவிழ்த்தவுடன் கழுத்தைக் கையாற் தடவுவது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. சூடாகவோ, தடித்தோ, மயிர் உதிர்ந்தோ இருந்தால் மறுநாள் நுகம் இல்லை; தோல் உரிந்த பிறகு விடும் ஓய்வு வாரக்கணக்கில் ஆகும். கால்வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் மாரிக்கு முன்னரே தடுப்பூசி போடுவிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் வடக்கிற் பரவிய தோல் கழலை நோயின் பின்னர், அதற்குமான தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் விசாரிப்பது அவசியமாகியிருக்கிறது. காய்ச்சல் கண்டு ஆறிய மாட்டை, தீனி எடுக்கத் தொடங்கியதும் பூட்டிவிடக் கூடாது. பழைய நடைக்கு வரும்வரை வெற்று நுகத்தோடு நடத்திப் பார்த்த பிறகே வண்டிலுக்கு எடுக்க வேண்டும்.

சோடியில் ஒன்று இறந்தாலோ விற்கப்பட்டாலோ, மிஞ்சியதை அதன் பழைய பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வெறுமையான பக்கத்துக்குப் புதிய நாம்பனைப் பழக்குங்கள். பக்கம் மாற்றிப் பூட்டினாற் பழகிய மாடும் புதிய மாட்டைப் போலத் தடுமாறும். வயதானது என்று அதை உடனே விற்றுவிட வேண்டாம்: முழுப்பாரம் இழுக்கப் பலம் இல்லாது போனாலும், அடுத்த நாம்பனுக்கு ‘ஓ’ என்றால் என்ன என்று காட்ட இன்னும் இரண்டு மூன்று பருவத்துக்கு அது போதும், ஊரில் இரவல் கேட்டு வருகிற பிறருக்கும் கொடுக்கலாம்.